பைக்குக் காவல் யார்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லெஸ்டரிலிருந்து மகளின் வாட்ஸ்அப் அழைப்பு வந்தால், பாளையங்கோட்டையில் இருக்கும் அந்த வீட்டில் டி.வி. தானாக அணைந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். ஆனால் மகள் வழக்கமான நலம் விசாரிப்புக்கெல்லாம் போகவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எம்மா, இந்த வருசம் ஸ்பெயின்ல பாத்துக்கிடுவோமா? நீங்க அங்கேருந்து வாங்க, நாங்க இங்கேருந்து வாரோம். கடற்கரைய ஒட்டி ஒரு வீடு எடுத்து ஒரு வாரம் எல்லாரும் ஒண்ணா இருப்போம்."

அப்பாவின் காரியம் முடிந்து அவள் திரும்பிப் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு குடும்பம் ஒரே கூரையின் கீழ் சேரவேயில்லை. அவளுக்கு லீவு கிடைக்கும்போது அண்ணனுக்குக் கிடைக்காது. இருவருக்கும் கிடைத்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது.

அம்மா உடனே சொன்னாள்: "உங்க இஷ்டம்ட்டி."

இந்த 'உங்க இஷ்டம்' என்ற வார்த்தையை எந்தப் பிள்ளையும் முழுதாகக் கேட்பதில்லை. மகனும் கேட்கவில்லை. அன்று ராத்திரியே குடும்ப குரூப்பின் பெயர் 'ஸ்பெயின்' என்று மாறியது. மருமகள், 2011-ல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' படத்தில் மூன்று நண்பர்கள் ஸ்பெயினில் கார் ஓட்டிக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தாள். பேரன் பார்சிலோனா ஜெர்சி கேட்டான்.

மகன் கணக்குப் போட உட்கார்ந்தான். ஸ்பெயினுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயது வரை 45 யூரோ. அம்மா, அவன், மனைவி, பதினாலு வயது மகள், எட்டு வயது மகன் என்று ஐந்து பேருக்கு 405 யூரோ. ஏறக்குறைய 40,000 ரூபாய். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, போக வர டிக்கெட் முன்பதிவு, தங்கும் இடத்துக்குச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். இங்கிலாந்தில் இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகளுக்கும் அதே விசாதான். விமான டிக்கெட் விலையை அவன் அம்மா காதில் விழாமல் மனைவியிடம் சொன்னான். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இதையெல்லாம் கவிழ்த்தது பேத்தி. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. ஸ்பெயின் கடலில் ஆச்சிக்கு என்ன உடை வாங்கலாம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தவள் சும்மா கேட்டாள்: "ஆச்சி, நீங்க கடல்ல நல்லாக் குளிச்சிருக்கீங்களா?"

"திருச்செந்தூருக்கு எத்தனை மட்டம் போயிருக்கேன்!" என்று விரல் விட்டு எண்ணினாள் ஆச்சி. கல்யாணமான புதிதில் ஒரு தடவை. இரண்டு பிள்ளைகளுக்கும் மொட்டை, காதுகுத்து. நாத்தனார் பிள்ளைகளுக்கு மொட்டை. தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்தபோது வேண்டுதல். கந்தசஷ்டிக்கு எத்தனையோ முறை.

"சரி, கடல் எப்படி இருக்கும்?"

ஆச்சி கொஞ்சம் யோசித்தாள். "நான் எங்கட்டி கடலைப் பாத்தேன்? பையைத்தான் பாத்தேன்."

அவள் சொன்னது இதுதான். எல்லோரும் கடலில் இறங்குவார்கள். மாற்றுத்துணி, மணிபர்ஸ், வாட்ச், செருப்பு, கட்டுச்சோற்றுத் தூக்குவாளி எல்லாம் ஒரு குவியலாக மணலில் கிடக்கும். அதற்குப் பக்கத்தில் அவள். பையைப் பார்த்து உட்கார்ந்தால் கடலுக்கு முதுகு. எல்லோரும் கரையேறிய பிறகு அவசரமாகப் போய் மூன்று முங்கு. பிறகு ஈரச்சேலையோடு நாழிக்கிணறு, அங்கே தலையில் நல்ல தண்ணீர், அப்புறம் தரிசன வரிசை. சூரியன் கடலுக்கு மேலே எழும்புவதை அவள் ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை.

இதைச் சொல்லும்போது அவளிடம் வருத்தம் எதுவும் தெரியவில்லை. யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்தானே என்கிற தொனிதான். பேத்தி அதை அப்படியே குரூப்பில் தட்டிவிட்டாள்.

லெஸ்டரிலிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மகள் அழைத்தாள். "எம்மா, நாங்களே வாரோம்."

மகளுக்கு இது லேசான முடிவு இல்லை. நான்கு பேருக்கு டிக்கெட். நீச்சல்குளம் இருக்கும் வீட்டை எதிர்பார்த்திருந்த பையன்கள் இருவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை, "உங்க ஊர்க் கடலுக்கு நான் எத்தனை மட்டம் வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இனி எப்போது, எங்கே என்ற கேள்வி. பார்சிலோனாவுக்குப் போவதைவிட இதற்குத்தான் அதிக விவாதம் நடந்தது.

ஆகஸ்ட் வேண்டாம் என்றான் மகன். மேற்கே சாரல் காலம், இங்கே காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், கடலும் கோபமாக இருக்கும். டிசம்பர் என்றதும் அம்மாவே தலையை ஆட்டிவிட்டாள். 2023 டிசம்பர் 17, 18-ஐ அந்தப் பக்கத்தில் யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனது. நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கடற்கரைக்குத் திட்டம் போடுகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் வானிலை அறிக்கையைப் பார்ப்பது நல்லது.

கடைசியில் ஈஸ்டர் விடுமுறை நின்றது. லெஸ்டர் பையன்களுக்கு இரண்டு வாரம் லீவு. இங்கே பிள்ளைகளுக்கு மார்ச்சிலேயே பரீட்சை முடிந்துவிடும். வெயில் கடுமைதான், ஆனால் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நாலுக்கு மேலும் மணலில் இருந்தால் சமாளிக்கலாம். ஈஸ்டரும் பௌர்ணமிக் கணக்கு, பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தான். அதனால் பல வருடங்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகாமல் அம்மா எங்கேயும் நகர மாட்டாள் என்பதால் அதுவும் சரியாகப் போயிற்று.

இடம்? கன்னியாகுமரியில் சூரிய உதயத்துக்கு நிற்க இடம் பிடிப்பதே ஒரு வேலை. உவரி நல்ல கடற்கரைதான், பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. திருச்செந்தூரில் அறை, அங்கிருந்து தெற்கே பதினெட்டு கிலோமீட்டரில் மணப்பாடு என்று முடிவானது. மணிரத்னத்தின் 'கடல்' படத்துக்குப் படப்பிடிப்பு நடந்த ஊர் என்று மருமகள் சொன்னாள். ஸ்பெயின் போகாத குறை அதில் கொஞ்சம் தீர்ந்திருக்கலாம். பேத்தி ஒரு நிபந்தனை போட்டாள்: கோயில் ஒரு நாள், கடல் ஒரு நாள். இரண்டையும் கலக்கக் கூடாது.

அந்த நாளும் வந்தது. செய்துங்கநல்லூர், ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று இரண்டு பக்கமும் வாழையும் வயலுமாக வேன் போயிற்று. கோயில் முதல் நாளே முடிந்தது. மறுநாள் விடிவதற்கு முன்னால் மணப்பாடு. கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்குன்றின் மேல் 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம். அதன் அடியில், 1542-ல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. பாளையங்கோட்டையில் தினமும் சவேரியார் கல்லூரி வாசலைக் கடக்கிறவர்கள்தான் எல்லோரும். ஆனால் அவர் பிறந்த நவார்ரா, இன்றைய ஸ்பெயினில் இருக்கிறது என்று மாப்பிள்ளை போனைப் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. "பாத்தீங்களா, ஸ்பெயின்காரரே நானூத்தி எண்பது வருசத்துக்கு முன்னாடி இங்கதான் வந்திருக்காரு" என்றான் மகன். அன்றைக்கு முழுவதும் அந்த ஜோக்கை நாலு தடவை சொன்னான்.

எங்கே இறங்கலாம் என்று வலை சரிபார்த்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் கேட்டார்கள். அவர் கைகாட்டிய இடத்தில் விரிப்பைப் போட்டார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். துண்டு, செருப்பு, போன், புளியோதரைத் தூக்குவாளி எல்லாம் வந்து குவிந்தன.

மகள் திரும்பிப் பார்த்தபோது அம்மா வழக்கம்போல் உட்கார்ந்திருந்தாள். முகம் பைகளின் பக்கம். முதுகு கடலுக்கு.

"எம்மா!"

"நீங்க போங்கட்டி, நான் பாத்துக்கிடுதேன்."

பேத்தி ஓடிவந்து பிஸ்கட் பாக்கெட்டின் அட்டையைக் கிழித்துச் சீட்டு எழுதினாள். ஆச்சி பெயர் மட்டும் இல்லை. குலுக்கிப் போட்டதில் மாப்பிள்ளை பெயர் வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் வந்து பைகளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

அம்மா எழுந்து சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பேரன்களின் கையைப் பிடித்தபடி முழங்கால் ஆழம் வரை போனாள். கடலுக்கு மேலே சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தது. அலை வந்து இழுத்தபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டாள்:

"மாப்பிள்ளை, அந்தத் தூக்குவாளில மணல் விழாமப் பாத்துக்கோங்க!"