ஆம், இல்லை: ஒரு கார்டு ரீடரும் என் மூன்றாம் இயலும்

சென்ற பருவத்தில் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து 12 பக்கங்களை நீக்கினேன். காரணம் கேட்ட நண்பர்களிடம், "மடிக்கணினியில் கார்டு ரீடர் வேலை செய்யவில்லை" என்றேன். தரவுகள் அழிந்துவிட்டன என்று எண்ணி அவர்கள் வருந்தினார்கள். தரவுகள் அழியவில்லை. நடந்ததை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்த நீண்ட பதிவு.

நான் ஐதராபாத்தில் கோலாமி மொழியின் தொடரமைப்பை ஆய்வு செய்கிறேன். தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் அதை ஒட்டிய மகாராட்டிரத்திலும் பேசப்படும் திராவிட மொழி அது. எமனோ 1955இல் வெளியிட்ட இலக்கணம் இன்றும் எங்களுக்கு அடிப்படை நூல். தொடரமைப்புக்கு அது மட்டும் போதாது என்பதால், ஊருக்குச் சென்று பேசுவோரிடம் வாக்கியங்களைச் சொல்லி, "இப்படிச் சொல்வீர்களா?" என்று கேட்டுப் பதிவு செய்கிறோம்.

அப்படி ஒரு பயணத்திலிருந்து திரும்பிய இரவு, 11 மணிநேர ஒலிப்பதிவு அடங்கிய மெமரி கார்டை மடிக்கணினியில் செருகினேன். எதுவும் நடக்கவில்லை. விடுதியில் ஒருவர், "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்றார். பதற்றத்தில் அதையும் செய்திருப்பேன். நல்லவேளையாக அறைத்தோழரின் கணினியில் கார்டு திறந்தது. எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் படியெடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

பழுது கார்டில் இல்லை என்றால் எங்கே? கெர்னல் தன் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு மீண்டும் செருகினேன். பிழைச்செய்திகூட இல்லை. கார்டு உள்ளே வந்ததையே கணினி அறியவில்லை. பிறகு, தொடக்கப் பட்டியலில் எஞ்சியிருந்த பழைய கெர்னலைத் தேர்ந்து கணினியை இயக்கினேன். கார்டு உடனே திறந்தது. ஆக வன்பொருள் நலமாக இருக்கிறது. பயணத்துக்கு முன் நான் புதுப்பித்த லினக்ஸ் கெர்னலில் ஏதோ மாறியிருக்கிறது. முன்பு இயங்கிய ஒன்று புதிய பதிப்பில் இயங்காமல் போவதை ரெக்ரஷன் என்பார்கள். பின்னடைவு என்று நாம் சொல்லலாம். பயனரிடம் இயங்கிக்கொண்டிருந்ததைக் கெடுக்கும் மாற்றம் திருத்தப்பட வேண்டும், இல்லையேல் திரும்பப் பெறப்பட வேண்டும் என்பது லினக்ஸ் உருவாக்கத்தின் கண்டிப்பான நெறி. டோர்வால்ட்ஸ் இதைப் பலமுறை வலியுறுத்தியிருக்கிறார்.

சில நூறு ரூபாய்க்கு வெளியே செருகும் கார்டு ரீடர் கிடைக்கும். அதை வாங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். மூன்றாம் இயலை எழுதுவதைத் தள்ளிப்போட எனக்கு ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது என்பதே உண்மை.

கெர்னலின் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் பெரும்பாலும் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பது எனக்கு இயலாது. அதற்குத்தான் கிட் மென்பொருளில் பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. நலமான பதிப்பு இது, பழுதான பதிப்பு இது என்று இரு எல்லைகளைச் சொன்னால், அது நடுவிலுள்ள ஒரு நிலையை எடுத்துத் தரும். அதைத் தொகுத்து இயக்கிப் பார்த்து, "குட்" அல்லது "பேட்" என்று விடை சொல்ல வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் தேடும் பரப்பு ஏறக்குறையப் பாதியாகும். 14 விடைகள் 16,000 மாற்றங்களுக்கும் போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கேள்விக்கு உண்மையான விடை சொன்னால் போதும்.

என் பழைய கணினியில் ஒவ்வொரு தொகுப்புக்கும் 40 நிமிடங்கள் ஆயின. இரண்டு இரவுகளில் 14 விடைகளும் முடிந்தன. குற்றவாளி என்று காட்டப்பட்ட மாற்றத்தைப் படித்துப் பார்த்தேன். என் கணினியில் இல்லாத வேறொரு வகைச் செயலிக்கு உரிய நிரல் அது. என் கெர்னலில் அது தொகுக்கப்படவே இல்லை. எங்கோ ஒரு விடை பொய்யாகியிருக்கிறது.

பைசெக்ட் எல்லா விடைகளையும் குறித்துவைக்கிறது. அந்தப் பட்டியலில் ஏழாவது விடை "குட்". அதன்பின் வந்த ஏழும் "பேட்". ஏழாவது கெர்னலை மீண்டும் இயக்கினேன். உள்நுழைந்ததும் கார்டைச் செருகினேன், திறந்தது. எடுத்துவிட்டு, தேநீர் போட்டுக் குடித்து, மறுபடி செருகினேன். மௌனம்.

அப்போதுதான் புரிந்தது. கணினி தொடங்கியவுடன் கார்டு ரீடர் விழித்திருக்கிறது. சிறிது நேரம் வேலை இல்லையென்றால் மின்சாரத்தைச் சேமிக்க உறங்கிவிடுகிறது. உறங்கியபின் கார்டைச் செருகினால் அது எழ வேண்டும், எழவில்லை. முதல் நாள் பின்னிரவில், படுக்கப் போகும் அவசரத்தில், அது விழித்திருக்கும்போதே சோதித்துவிட்டு "குட்" என்று எழுதியிருக்கிறேன். கேள்வி சரி, கேட்ட நேரம் தவறு.

இந்த நிலையில் "பேட்" விடைகளை நம்பலாம். "குட்" விடைகளையே ஐயுற வேண்டும். முதல் ஆறில் இருந்த "குட்"களை, ஐந்து நிமிடம் காத்திருந்து சோதிக்கும் முறையில் உறுதி செய்துகொண்டு, ஏழிலிருந்து மீண்டும் தொடங்கினேன். இம்முறை தேடல் கார்டு ரீடரின் டிரைவரிலேயே வந்து நின்றது. மின்சேமிப்பை மேம்படுத்தச் செய்த சிறிய மாற்றம் அது. அதை மட்டும் நீக்கித் தொகுத்தேன், கார்டு திறந்தது. பராமரிப்பாளர்களுக்கு எழுதினேன். சோதித்துப் பார்க்க ஒரு திருத்தத்தை அனுப்பினார்கள். அது இயங்கியது. சில வாரங்களில் திருத்தம் கெர்னலில் சேர்ந்தது.

அந்த இரவு நான் உறங்கவில்லை. காரணம் கார்டு ரீடர் அல்ல.

என் மூன்றாம் இயல் 40 வாக்கியங்களுக்குக் கிடைத்த "ஆம்", "இல்லை" விடைகளின் மேல் நிற்கிறது. ஒலிப்பதிவுகளைத் திறந்து கேட்டேன். நான் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறேன். அவ்வா "ஆம்" என்கிறார். உடனே அதே அமைப்பில் அடுத்தது, மறுபடி "ஆம்". மூன்றாவதுக்கும் "ஆம்". என் குரலில் அவசரம் தெரிகிறது. அன்று மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் மறுத்த இடங்களில் ஐயம் இல்லை. தொலைவிலிருந்து வந்த பிள்ளையின் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்ல வலுவான காரணம் வேண்டும். ஐயம் எல்லாம் "ஆம்" என்ற விடைகளில்தான். கள ஆய்வு வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியும் இருக்கிறேன்.

அடுத்த பயணத்தில் அவரிடம் அதே வாக்கியங்களை வரிசை மாற்றி, இடையில் வேறு பேச்சுப் பேசி, இரண்டு நாள்களில் பரப்பிக் கேட்டேன். 11 வாக்கியங்களுக்கு விடை மாறியது. "அன்றைக்குச் சரி என்றீர்களே, அவ்வா?" என்றேன். "நீ சொன்னது புரிந்தது, சரி என்றேன். நாங்கள் அப்படிப் பேசுவோமா என்றால், பேச மாட்டோம்" என்றார்.

அந்த 11 வாக்கியங்களை நம்பி எழுதிய 12 பக்கங்கள்தாம் நீக்கப்பட்டன. நெறியாளர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீக்கியதற்கான காரணத்தை முறையியல் பகுதியில் எழுதுங்கள்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்புத் தீர்ப்புகளைத் திரட்டும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தரவு அட்டவணையில் "விடை" என்ற பத்திக்கு அருகில் இன்னும் மூன்று பத்திகள் சேருங்கள்: எந்த நேரம், எதற்கு அடுத்து, எத்தனையாவது முறை. எந்த விடையை மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது அத்தகைய ஒரு குறிப்புப் பட்டியல்தான். என் களக் குறிப்பேட்டில் அது இல்லாததால் 40 வாக்கியங்களையும் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று.