எந்த டப்பாவை மறுபடி நிரப்பலாம்?

சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டை ஒட்டிய தேரா கம்பவுண்டுக்குள் நுழைந்தாலே தகரம் தட்டும் சத்தம் காதை அடைக்கும். ஓட்டல், மிட்டாய்க் கடை, பெயின்ட் கடை என்று மும்பை காலி செய்து போட்ட டப்பாக்கள் தாராவியின் இந்த மூலைக்குத்தான் வருகின்றன. 15 கிலோ எண்ணெய் டின்கள்தான் அதிகம். அழுக்கெடுத்து, ஒடுக்கு நிமிர்த்தி, மறுபடி விற்கிறார்கள்.

தட்டுவதைவிடப் பெரிய வேலை, தட்டுவதற்கு முன் தரம் பிரிப்பது. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் அதைச் செய்துகொண்டிருந்தார். டின்னை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, வாய் வழியாக உள்ளே பார்க்கிறார். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் அது உருக்காலைக்கு. பிறகு கட்டைவிரலால் அடி மடிப்பை ஒரு சுற்று தடவுகிறார். மேலாகப் படிந்த துரு தேய்த்தால் போய்விடும். மடிப்புக்குள் இறங்கிய துரு தகரத்தைத் தின்றிருக்கும். ஏற்கெனவே ஒடுக்கெடுத்த டின் என்றால் மூலைகளை இன்னும் கவனமாகப் பார்க்கிறார். தட்டத் தட்டத் தகரம் இறுகும், அடுத்த முறை அதே இடத்தில் கீறல் விடும்.

கடைசியாக மூக்கு. “என்ன அண்ணாச்சி, கழுவினால் போகாதா?” என்றேன்.

“அழுக்கு போகும் தம்பி. உள்ள என்ன இருந்துச்சுங்கிறது போகாது.”

தின்னர், ஆசிட், பூச்சிமருந்து வாடை அடித்தால் தனிக் குவியல். இந்த மூக்கை நம்பித்தான் பல உயிர்கள் இருக்கின்றன என்பது மிகையில்லை. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. பூச்சிமருந்து இருந்த கலனில் எண்ணெய் வைத்ததே காரணம் என்று சொல்லப்பட்டது.

ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் சமையல் எண்ணெய் அடைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. தட்டி நிமிர்த்திய டின் பெயின்டுக்கும் பசைக்கும்தான் போக வேண்டும். ஆனால் இங்கிருந்து வெளியேறிய டின்னில் யார் எதை ஊற்றுகிறார்கள் என்பது அண்ணாச்சியின் கையில் இல்லை.

அவரிடம் முகமூடியும் இல்லை. ஊருக்கு ஆகாததை ஒதுக்குவதற்காக அந்த வாடையை அவர் நாள் முழுக்க மூச்சில் வாங்குகிறார். கொஞ்சம் தள்ளி, ஒட்டிய பெயின்டை எரித்தெடுக்கும் புகை வேறு. இவ்வளவு நுட்பமான கண்ணும் கையும் உள்ளவருக்கு ஒரு நல்ல முகமூடியும் காற்றுப் போக்கியும்கூடக் கிடைக்காதது அநியாயம். டின்னில் லாபம் பார்க்கும் ஒவ்வொருவரும் அந்தச் செலவை ஏற்க வேண்டும்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. பூச்சிமருந்து, ஆசிட் இருந்த டப்பாவை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். அடியில் ஆணியடித்து நாலு ஓட்டை போட்டு, உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.