துடுப்பில் காது

மட்டக்களப்பு வாவி, கல்லடிப் பாலத்தடி. பாடும் மீனைக் கேட்க வந்திருந்தேன். பூரணை. நள்ளிரவு தாண்டிவிட்டது, நிலா உச்சியில். "துடுப்பத் தண்ணிக்குள்ள விடுங்க மனே, மற்ற முனையில காத ஒட்டி வைங்க. அசையாம இரிங்க" என்றார் தோணிக்காரர்.

முதலில் என் நாடித்துடிப்புத்தான் கேட்டது. பிறகு, சுவருக்கு அப்பால் யாரோ வாய்மூடி முனகுவதுபோல் ஒன்று. காதை எடுத்தால் இல்லை. வைத்தால் இருக்கிறது. எத்தனை தடவை எடுத்து வைத்தேனோ!

நீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பை முட்டும்போது ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் வரும். மிச்சமெல்லாம் திரும்பக் கீழே போய்விடும். நீர் கனமானது, காற்று மிக லேசானது. நீர் அசைந்தாலும் காற்று எளிதில் விலகிவிடுவதால், ஆற்றல் அதற்கு அதிகம் போவதில்லை. மரம் அப்படியல்ல. ஒலிக்கு அது கொடுக்கும் தடை ஏறத்தாழ நீரினுடையதே. அதனால் அலை துடுப்பில் ஏறி, காதோரத்து எலும்பில் இறங்கிவிடுகிறது.

1848இல் இங்கே வந்த இலங்கையின் காலனித்துவச் செயலாளர் எமர்சன் டெனன்ட், தோணிப் பலகையில் காதை வைத்ததும் ஒலி பெருகியதை எழுதிவைத்திருக்கிறார். பாடுவது மீனல்ல, ஊரி என்னும் நத்தை என்று நம்பியவர். எது பாடினாலென்ன, பலகை செய்த வேலை ஒன்றே.

நிலவொளிக்கோ இந்தத் தடை கிடையாது. நேராக விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உள்ளே இறங்கும். ஒரே நீர்த்தோல், ஒளிக்குத் திறந்த வாசல், ஒலிக்கு மூடிய கதவு. இன்னொன்றும் தலைகீழ். ஒளி செக்கனுக்கு 3 லட்சம் கிலோமீட்டரிலிருந்து நீரில் 2.25 லட்சமாகத் தளர்கிறது. துடுப்பு முறிந்ததுபோல் தெரிவது அதனால்தான். ஒலியோ 340 மீட்டரிலிருந்து 1500க்குப் பாய்கிறது.

வேகம் மாறினாலும் சுருதி மாறாது. செக்கனுக்கு 300 அதிர்வுள்ள முனகல் மேலே வந்தும் 300தான். அலைநீளம் மட்டும் நீரில் 5 மீட்டர், காற்றில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நீராழம் அந்த 5 மீட்டரில் காற்பங்கும் இல்லாத கரையோரத்தில் அவ்வொலி தூரம் போகாமல் அவிந்துவிடும். கரையில் நின்று கேட்க முயன்றவர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை.

பாலத்தில் லொறி ஒன்று போனது. காற்றில் வந்த இரைச்சல் எனக்குப் பெரிதாகப்படவில்லை. துடுப்பில் வைத்த காதுக்குத்தான் திடுக்கென்றது: ஒரு நீண்ட உறுமல். காற்றுவழி இரைச்சல் நீருக்குள் அதிகம் நுழையாது. ஆனால் தூண்கள் நீருக்குள் அல்லவா நிற்கின்றன. துடுப்பு எங்களுக்கு ஒலியை மேலே கொண்டுவருவதுபோல், தூண்கள் இரைச்சலைக் கீழே கொண்டுபோகின்றன. 1924இன் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இலிருந்து புதியதும் நிற்கிறது. அத்தனை தூண்களுக்கும் நடுவில்தான் அந்த முனகல். லொறி போய் முடியும்வரை எனக்கு அது கேட்கவில்லை. மீனுக்கு மீன் கேட்டிருக்குமா என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

அடுத்த பூரணைக்குப் பாலத்தை விட்டுத் தள்ளிப் போய்ப் பார்ப்போம் என்று தோணிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். துடுப்பு இரண்டு வேண்டும்.