வழிநடைப் பாடல்கள்

1968 ஆம் ஆண்டிலே வஷ்டி பன்யன் என்னும் ஆங்கில இளம் பாடகி, தம் துணைவருடன் குதிரை வண்டியொன்றில் இலண்டனிலிருந்து ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிப் புறப்பட்டார். பாடகர் டொனோவன் அப்பகுதியில் நிலம் வாங்கி, கலைஞர்கள் கூடி வாழும் குடியிருப்பொன்றை அமைக்க எண்ணியிருந்தார். இலண்டன் இசையுலகமோ பன்யனுக்கு ஏமாற்றத்தையே அளித்திருந்தது. 1965 இல் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்சும் எழுதிய பாடலொன்றைப் பாடி அவர் வெளியிட்ட இசைத்தட்டு எடுபடவில்லை. எனவே வண்டியேறினார். பயணம் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. சென்றடைந்தபோது டொனோவன் அங்கிருக்கவில்லை.

அப்பயண காலத்திலே புனைந்த பாடல்களே பெரும்பாலும், 1970 இல் ‘ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே’ என்னும் அவரது முதலாவது இசைத்தொகுப்பாயின. ஜோ பொய்ட் அதனைத் தயாரித்தார். கிற்றாரும் மூச்சோடு கலந்த தாழ்குரலுமே அதன் அடித்தளம். வயலின், பான்ஜோ, சில பாடல்களுக்கு ரொபேர்ட் கேர்பி அமைத்த இசைக்கோப்பு ஆகியன அளவறிந்து வந்து அளவறிந்து அகல்கின்றன. வண்டியிழுத்த குதிரையை விளித்து ஒரு பாடல். மழலையர் பாடலொன்றின் மெட்டிலே மற்றொன்று. இவற்றைச் சிறுபிள்ளைத்தனமென ஒதுக்குவாரும் உளர். அது பொருந்துமாறில்லை. குளிரிலும் மழையிலும் நாளொன்றுக்குச் சில மைல்களே நகரும் ஒருவர் வைகறையையும் வயலையும் கணப்பொளியையும் பாடுவாராயின், அவ்வமைதி கைவந்த அமைதியாகாது. வேண்டி நின்ற அமைதியாகும். குரல் உயராமைக்கும் அதுவே காரணம் போலும். (நாட்டார் பாடகி என்னும் பெயரை அவர் என்றுமே விரும்பி ஏற்றதில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.)

தொகுப்பை வாங்கியோர் மிகச் சிலர். அவர் பாடுவதையே கைவிட்டார். தோல்வியை நினைவூட்டிய கிற்றாரை ஒதுக்கிவைத்தார். பிள்ளைகளை வளர்த்த ஆண்டுகளில் அவர்களுக்குக்கூடப் பாடவில்லை. ஊரார் செவிசாயாமை ஒரு வீட்டின் தாலாட்டையும் பறித்துக்கொண்டது.

1997 இல் இணையத்திலே தம் பெயரைத் தேடியபோதுதான், மறக்கப்பட்டதாக அவர் கருதியிருந்த அத்தட்டை இசை ஆர்வலர் நாடித் தேடிவருவதை அறிந்தார். 2000 இல் அது மறுபதிப்பாயிற்று. 2005 இல், முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியின் பின்னர், ‘லுக்ஆப்டரிங்’ என்னும் இரண்டாவது தொகுப்பு வந்தது. அதிலும் ஒலிப்பது அதே தாழ்குரல்தான். முன்னர் வண்டியையும் வழியையும் பாடிய அக்குரல், அதிலே வளர்ந்து அகன்ற பிள்ளைகளைப் பாடுகின்றது.