மண்டபத்துக்குள் வந்த மேளம்

தவிலும் நாதஸ்வரமும் தெருவுக்காக உருவான வாத்தியங்கள். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி எழுந்தால் மாடவீதி நாலுக்கும் கேட்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் ஜனம் வாசலுக்கு வரும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறைந்துவிடும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் வானம் வாங்கிக்கொள்ளும். இன்று நாங்கள் வாசிக்கும் முகூர்த்தங்களில் முக்கால்வாசி கல்யாண மண்டபத்துக்குள். கீழே கிரானைட், மேலே கான்கிரீட், பக்கத்தில் கண்ணாடி. வெளியே போக வேண்டிய சத்தம் சுவரில் மோதி அடித்தவன் காதுக்கே திரும்புகிறது. போதாததற்குத் தவிலுக்கு ஒரு மைக், நாயனத்துக்கு ஒரு மைக், எங்கள் முகத்தைப் பார்த்தபடி ஒரு மானிட்டர் பெட்டி.

விரலுக்குக் கூடு செய்வதில் தவில்காரர்களுக்கு இருக்கும் சிரத்தையைச் சொல்லி மாளாது. துணிநாடாவில் பசை தடவி, இறுக்கிச் சுற்றி, காயவைத்து, விரலில் மாட்டி வலந்தலையில் தட்டிப் பார்ப்போம். 'த' என்ற சொல் கணீரென்று விழவில்லையென்றால் கூட்டை மாற்றிவிடுவோம். ஆனால் விழுந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது காது. அதை மாற்ற முடியாது. உட்காதில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. பறவைகளுக்கு அவை மறுபடி வளரும், மனிதனுக்கு வளராது.

பலத்த ஒலி வந்தால் நடுக்காதில் ஒரு சின்னத் தசை இறுகிக் கொஞ்சம் தடுக்கும். அது இறுகுவதற்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை ஆகலாம். தவிலின் அடி அதற்குள் உள்ளே போயிருக்கும். தாள வாத்தியக்காரனுக்கு இயற்கை கொடுத்த கதவு எப்போதும் தாமதமாகத்தான் சாத்துகிறது.

அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இது: 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி. 94 ஆனால் 1 மணி நேரம். 100 ஆனால் 15 நிமிடம். தனி ஆவர்த்தனத்தின்போது ஒலி அளக்கும் செயலியோடு கைபேசியை மடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 100 சர்வசாதாரணமாகத் தெரியும். கைபேசியில் இருப்பதோ பேச்சுக்கென்று செய்த மைக். தவில் அடியின் உச்சத்தை வெட்டித்தான் காட்டும். மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி மறுநாள் கெட்டி மேளம் வரை நாங்கள் கேட்பது எத்தனை பதினைந்து நிமிடம்!

வாசித்த ராத்திரி காதில் 'ஙொய்' என்று ஓடும் சத்தத்தைக் கச்சேரி களைகட்டியதன் அடையாளமாகச் சொல்வோர் எங்களில் உண்டு. அது காது அடிபட்டதன் அடையாளம். காலையில் அடங்கிவிட்டால் ஆறிவிட்டது என்று எண்ணுகிறோம். வருஷக்கணக்கில் இப்படியே போனால் ஒரு கட்டத்தில் அது அடங்குவதேயில்லை. காது கெடும்போது மந்தமாவது பெரும்பாலும் முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிதான். வீட்டில் 'கல்' என்றால் 'பல்' என்று கேட்கும். மேடையில் தவில் சொல்லின் ஓரம் மழுங்கும். மழுங்கியது தெரியாமல் இன்னும் ஓங்கி அடிப்போம். மணிக்கட்டும் போகும்.

இதைத் தடுக்கக் காதில் பஞ்சை உருட்டி வைப்பதில் பயன் ரொம்பக் குறைவு. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான் நன்றாகத் தடுக்கும், ஆனால் வைக்கும் விதம் தெரிய வேண்டும். சுத்தமான விரலால் அதை ஒல்லியாகத் திரித்து, மற்ற கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது உப்பும்வரை விரலை எடுக்காமல் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைத்ததற்கு அர்த்தமில்லை. அதன் குறை, மேல் ஸ்தாயியை அதிகமாக வெட்டிவிடும். தவில் போர்வைக்குள் வாசித்தது மாதிரி ஆகும். இசைக்காரர்களுக்கென்றே எட்டிமோட்டிக் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த வகை வேறு. எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய சமமாக 15 டெசிபெல் இறக்கும். 100 இருந்த இடத்தில் 85. பதினைந்து நிமிடம் எட்டு மணி நேரமாகிறது, 'த'வும் 'தி'யும் பிரிந்தே கேட்கின்றன. காதின் அச்செடுத்துச் செய்துகொள்ளலாம். ஆயத்தமாக வரும் மலிவான வகையும் உண்டு.

அடைப்பானைப் போட்டதும் தவிலின் இடந்தலையான தொப்பியின் அடி உடம்புக்குள்ளிருந்து வருவதுபோல் தோன்றும், நாயனம் தள்ளிப் போன மாதிரி இருக்கும். வீட்டில் சாதகத்தின்போது போட்டுப் பழகிவிட்டே மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். நாயனக்காரருக்குச் சங்கடம் கூடுதல். வாயின் அதிர்வு அடைத்த காதுக்குள் முழங்கும். அச்செடுத்து ஆழமாகப் பொருத்தினால் அது தணியும்.

இதெல்லாம் சம்பிரதாயத்துக்கு ஆகுமா என்று கேட்பவர்களிடம் நான் நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைச் சொல்வேன். கீச்சென்று ஒலித்த திமிரி நாயனத்தை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான பாரி நாயனத்தை உருவாக்கினார். கச்சேரிக்காக வாத்தியத்தையே மாற்றிய பரம்பரை, காதுக்காக ஓர் அடைப்பானை ஏற்காதா?

அடைப்பானுக்கு முன்னால் செய்ய வேண்டியது இடத்தைச் சரிசெய்வது. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012இல் வாக்னரின் ஓபரா ஒத்திகையின்போது ஊதுகருவிகளுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த வயோலா கலைஞருக்குக் காது பாதித்தது. 2018இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நம் செட்டில் அந்த இடம் தாளம் போடுகிறவனுடையது. பெரும்பாலும் தொழில் கற்க வந்த பையன். முன்னால் இரண்டு தவில், கையில் முகத்துக்கு நேரே வெண்கலத் தாளம். காது வலிக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொல்லமாட்டான். சொன்னால் "போகப் போகப் பழகிடும்டா" என்பார்கள். காது பழகுவதில்லை, கெடுகிறது.

என் செட்டில் பாயை இரண்டு முழம் பின்னுக்குத் தள்ளிப் போடுகிறோம். முன்பணம் வாங்கும்போதே மானிட்டர் வேண்டாம் என்று மைக்செட்காரரிடம் சொல்லிவிடுகிறோம். வேனில் திரும்பும்போது பாட்டு போடுவதில்லை. அந்த இரண்டு மணி நேரம் காதுக்கு ஓய்வு. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், காது ஓய்ந்திருக்கும் அந்த மாதத்தில் எல்லோரும் பரிசோதனைக்குப் போகிறோம். போன வருஷத்துத் தாளையும் கையோடு எடுத்துப்போனால் 4000இல் கோடு இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிட முடியும். எப்போதாவது ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக்கொண்டால் மார்கழிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பையனுக்குச் சின்ன அளவு அடைப்பான் வாங்குகிறோம். அந்தச் செலவு சீவாளி, வார் செலவோடு செட் கணக்கில்தான் எழுதப்படுகிறது. அவன் சம்பளத்தில் பிடிப்பதில்லை.