"நல்லா இருக்குதுங்க" என்று எழுதாதீர்கள், கண்ணுகளா



போன ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் படித்த ராசிபுரத்துப் பெண் ஒருத்தி போன் செய்தாள். இந்த வருஷம்தான் படிப்பை முடித்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.

"சார், கம்பெனியில சர்வே ஒண்ணு வந்திருக்குதுங்க. எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்டு அனுப்பிடுன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வண்டி வருது. அதை எழுதலாமுங்களா?"

எனக்கு உடனே வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன்பு சேலத்தில் எங்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. அங்கே பெண்களுக்கு இருந்த ஒரே கழிப்பறையில் தண்ணீர் வராது. டீச்சர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாள் ஒரு படிவம் கொடுத்து, வசதிகள் எப்படி என்று கேட்டார்கள். 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் ஒன்று. நமக்கெதற்கு வம்பு என்ற நினைப்பு ஒன்று. அடுத்த வருஷமும் அதே இடம், அதே கழிப்பறை. கேட்டதற்கு, "போன தடவை எல்லாரும் நல்லா இருக்குதுன்னுதானே எழுதிக் குடுத்தீங்க?" என்றார் பொறுப்பாளர். பக்கத்தில் நின்ற டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விடுதிச் சாப்பாட்டால் பலர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நடந்தது அது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று பிறகு ஆப்பிள் நிறுவனமே சொன்னது. குறை சின்னதாக இருக்கும்போதே மேலே போய்ச் சேர வேண்டும். ரோட்டுக்கு வரும்வரை அது வளரக் கூடாது.

அதனால் அவளிடம், "எழுது கண்ணு, ஆனா பார்த்து எழுது" என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பெயர் கேட்கிறார்களா, உங்களுக்கென்று தனி லிங்க் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதியவர் யாரென்றே தெரியாது என்பது வேறு. தெரியும், வெளியே சொல்ல மாட்டோம் என்பது வேறு. ஆளைத் திட்டாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். 'வண்டி வசதி சரியில்லை' என்பதைவிட, 'ஷிப்ட் 10 மணிக்கு முடிகிறது, வண்டி 11 மணிக்கு வருகிறது' என்றால் சரிசெய்ய வழி பிறக்கும். நல்லது இருந்தால் அதையும் எழுதுங்கள்.

சர்வே என்பது புகார் மனு அல்ல. பாலியல் தொல்லை என்றால் அதற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பொதுவாக 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

பெற்றவர்களே, "போன இடத்துல வாயைத் திறக்காதே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். இன்று மேனேஜராக இருக்கும் என் மாணவர்களே, எழுதியது யார் என்று துருவாதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "எழுதி அனுப்பிட்டேனுங்க சார்." வண்டி நேரம் மாறுமா, தெரியாது. ஆனால் நான் அன்று செய்யாததை அவள் செய்துவிட்டாள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்