சிறு எண்ணமும் குதிரை நிலையும்

குங்ஃபூ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நூற்றுக்கணக்கான மரபுகள் அடங்கிக் கிடக்கின்றன என்பது, நாற்பத்தாறு வயதில் அதைக் கற்கப் புறப்பட்டபோதுதான் எனக்குத் தெரியவந்தது. எங்கள் நகரில் எட்டும் தொலைவில் இருந்தவை இரண்டு: விங் சுன், ஹுங் கார். இரண்டையும் சேர்த்துக் கற்க நேரமுமில்லை, முழங்காலும் இடம்தராது.

இரண்டுமே தென்சீனத்துக் குவாங்டாங் மாகாணத்தின் சொத்து. ஃபோஷான் நகரத்தோடு நெருங்கிய உறவுடையவை. விங் சுன்னை உலகறியச் செய்த இப் மான் (1893–1972) அவ்வூர்க்காரர். 1949இல் ஹாங்காங்குக்குப் பெயர்ந்து, புரூஸ் லீ உள்ளிட்ட பலருக்குக் கற்பித்தவர். ஹுங் காரின் பேராசான் வோங் ஃபெய் ஹுங் அதே வட்டாரத்தவர். எலும்பு முறிவுக்கு மருந்து கட்டியவரும்கூட. தம் தோற்றத்தைத் தெற்கு ஷாவ்லின் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலும் இரண்டு மரபுகளும் ஒன்றே. ஆவணம் கேட்டால் கதைதான் கிடைக்கும். (நம் நண்பர்கள் குங்ஃபூ என்றதுமே போதிதர்மரை அழைத்து வந்துவிடுகிறார்கள். அவரை ஷாவ்லின் பயிற்சிகளோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.)

என் மனம் முதலில் சாய்ந்தது விங் சுன் பக்கம். அதன் முதல் பயிற்சித்தொடர் சியு நிம் தாவ். 'சிறு எண்ணம்' என்று பொருள். ஊன்றிய பாதம் தொடர் முடியும்வரை இடம் பெயர்வதில்லை. வெறுங்கைத் தொடர்கள் மொத்தமே மூன்று. வீண் வீச்சு கிடையாது. உடலின் நடுக்கோட்டைக் காத்து, மிகக் குறுகிய வழியில் கை செல்லும். சீர் ஒன்று மிகுந்தாலும் கெட்டுவிடும் குறள் வெண்பாவின் சிக்கனம் அது. சி சாவ் என்ற பயிற்சியில் இருவர் முன்கைகளை ஒட்டிவைத்து, எதிராளியின் எண்ணத்தைக் கண்ணால் அல்லாமல் தோலால் அறிகிறார்கள். வாசிப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது போதாதா? "உங்களுக்கு விங் சுன்தான் சார், இடமும் வேண்டாம், தாவவும் வேண்டாம்" என்றார் உடன் பணியாற்றும் நண்பர்.

ஹுங் கார் வேறு நிலம். அகவலைப் போல நீண்டு செல்லும் தொடர்கள். புலியின் பிடி, கொக்கின் அலகு. இரும்புக் கம்பி என்று பெயர்பெற்ற தொடரில் தசைகளை இறுக்கி, மூச்சோடு ஒலியும் எழுப்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னே குதிரை நிலை: தொடை தரைக்கு இணையாகும்வரை இறங்கி, அப்படியே நிற்பது. முன்னாளில் ஊதுவத்தி எரிந்து தீரும்வரை நிற்கவைத்தார்கள் என்பார்கள். நான் பார்க்கச் சென்ற மாலையில் பதினைந்து வயதுப் பையன்களின் தொடைகளே நடுங்கிக்கொண்டிருந்தன.

சென்ற ஆவணியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. அவர் எடை ஐம்பது கிலோவைச் சற்றுத் தாண்டும். குந்தி அமர்ந்து இரு கைகளாலும் அணைத்துவிட்டேன், எழ முடியவில்லை. கைகள் பிடித்துக்கொண்டுதான் இருந்தன, தொடைகள் மறுத்தன. எதிர்வீட்டு இளைஞன் ஓடிவந்து தூக்கிக் கட்டிலில் கிடத்தினான். அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பி, "நீ சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

என்னை அடிக்க எவரும் வரப்போவதில்லை. எந்த மரபு சண்டைக்கு உகந்தது என்று இளைஞர்கள் வாதிடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். என் கேள்வி குந்திய இடத்திலிருந்து எழுவது பற்றியது. விங் சுன் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் நிலையிலும் கால் உறுதிப்படும் என்றார். உண்மைதான், ஆனால் அங்கே போனால் கைகளின் நயத்தில் மயங்கிக் கால்களை மறந்துவிடுவேன். ஏற்கெனவே எனக்குக் கைவந்த குணத்துக்கு இன்னொரு பயிற்சி எதற்கு?

ஹுங் கார் ஆசிரியர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, தொடக்கத்தில் உயரமாகவே நிற்கச் சொன்னார். மாதம் மூன்றாகிறது. இன்னும் உயரத்தில்தான் நிற்கிறேன், இரண்டு விரற்கடை இறங்கியிருப்பேன். வீட்டுத் திண்ணையில் பயிலும்போது நாற்காலியில் அமர்ந்து அம்மாதான் எண்ணுகிறார். அறுபதைத் தாண்டும்போது சில நாள் கணக்கு தவறி, மறுபடி ஐம்பதிலிருந்து தொடங்குவார். நான் திருத்துவதில்லை.